இடது பெடலுக்கு மட்டும் ஏன் தலைகீழ் மரை?

பழைய ஹெர்குலிஸ் (திருச்சி)

அப்பாவின் ஹெர்குலிஸை மறுபடி ரோட்டில் இறக்கியிருக்கிறேன். கறுப்பு வண்டி, 28 இஞ்ச் வீல், ராடு பிரேக், முழு செயின் கார்டு. எல்லாம் நன்றாக வந்துவிட்டது, இடது பெடலைத் தவிர. காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஆட ஆரம்பிக்கிறது. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கொஞ்ச தூரம் தாங்கும், அப்புறம் மறுபடி அதே கதை. கழற்றிப் பார்த்தால் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) துளையில் மரை பாதி மழுங்கிக் கிடக்கிறது. ஓவராலிங் செய்த கடையில் வலது பெடலை இடது பக்கம் வைத்து பலவந்தமாக முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். அச்சின் முனையில் ஆர் என்ற எழுத்துதான் இருக்கிறது.

சரி, அதைச் சரிசெய்துகொள்ளலாம். என் கேள்வி வேறு. வலது பெடலுக்குச் சாதா மரை, இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. கேட்டால் எல்லோரும் "மிதிக்க மிதிக்க இறுகும்" என்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. வலது பக்கம் நின்று பாருங்கள். கிராங்க் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. பெடல் கட்டை நம் பாதத்தோடு மட்டமாகவே இருக்கிறது. அப்படியென்றால் கிராங்கை வைத்துப் பார்க்கும்போது கட்டை எதிர்த் திசையில் சுற்றுகிறது. உள்ளே பால்ரஸ் (குண்டுகள் உருளும் பேரிங்) உரசினால் அந்த உரசல் அச்சைக் கழற்றத்தானே பார்க்கும்? அப்புறம் எப்படி இறுகுகிறது?

மரையும் அச்சும் (கோவை)

அருமையான கேள்வி. நீங்கள் சொன்ன உரசல் உண்மைதான், அது கழற்றும் திசையில்தான் வேலை செய்கிறது. ஆனால் நல்ல பால்ரஸில் அந்த உரசல் மிகச் சின்ன விசை. அதைவிடப் பல மடங்கு பெரிய வேறொன்று எதிர்த் திசையில் நடக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கவே ஒரு வழி உண்டு, இப்போதே செய்து பாருங்கள்.

இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, அதற்குள் ஒரு பென்சிலைத் தளர்வாக விடுங்கள். வலது கையால் பென்சிலின் மறுமுனையை லேசாகப் பிடித்து, வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் வளையத்தின் உள்விளிம்பை உரசியபடியே சுற்றி வரும். இப்போது பென்சிலின் முகத்தைக் கவனியுங்கள். நீங்கள் வலமாகச் சுற்றினால் பென்சில் தன்னைத்தானே இடமாக உருட்டிக்கொள்ளும்.

பெடலிலும் இதேதான். நம் கால் எப்போதும் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது, கிராங்க் அதைச் சுற்றிச் சுழல்கிறது. ஆகவே கிராங்க் துளையின் பார்வையில் அந்த அழுத்தம் துளையின் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. எவ்வளவு இறுக்கினாலும் மரைக்கும் மரைக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் அச்சு சுவரோடு உருண்டு, அழுத்தம் சுற்றும் திசைக்கு எதிராக மெல்ல நகர்கிறது. வலது பக்கம் அது கடிகார திசை, அதனால் சாதா மரை இறுகும். இடது பக்கம் எல்லாம் கண்ணாடிப் பிம்பம், அதனால் தலைகீழ் மரை வேண்டும். உங்கள் வண்டியில் இடது பக்கம் சாதா மரையுள்ள அச்சு இருப்பதால் ஒவ்வொரு மிதியும் அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது.

அமெரிக்காவில் டேட்டன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள்தான் இந்தத் தலைகீழ் மரையைப் பெடலுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று சொல்வார்கள். விமானம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய பிழைப்பே சைக்கிள்தான்.

கோட்டம் எடுப்பவன் (மதுரை)

அதோடு பிபி (பாட்டம் பிராக்கெட்) கப்பையும், அதாவது கிராங்க் அச்சைத் தாங்க ஃபிரேமில் திருகும் கிண்ணத்தையும், சேர்த்துப் பாருங்கள், இன்னும் சுவாரஸ்யம். இங்கிலீஷ் அளவு, 1.37 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை. அதில் வலது பக்கக் கப்புக்குத்தான் தலைகீழ் மரை, இடதுக்குச் சாதா. பெடலுக்கு நேர் எதிர்! முதலில் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் பென்சில் கணக்கைப் போட்டால் சரியாக வரும். பெடலில் அழுத்தம் கீழே நிற்கிறது, துளை சுற்றுகிறது. பிபியில் கப் அசையாமல் நிற்கிறது, அழுத்தம் அச்சோடு சேர்ந்து சுற்றுகிறது. அதனால் திசை மாறிவிடுகிறது.

இத்தாலிய வண்டிகளில் இரண்டு பக்கமும் சாதா மரைதான். அவற்றை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், வலது பக்கக் கப்பு தளர்வதைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன். பழைய வண்டிகளில் முன் வீலில் 32 போக்ஸ் கம்பி, பின் வீலில் 40. புது வண்டிகளில் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. ஏன் மாற்றினார்கள்?

மரையும் அச்சும் (கோவை)

32-ம் 40-ம் கூட்டினால் 72. இரண்டு 36 சேர்ந்தாலும் 72. ஆக மொத்தக் கம்பி அதேதான், பிரித்த விதம்தான் வேறு. பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களில் இருந்த பழக்கம் அப்படியே நம்மூர் ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ எல்லாவற்றுக்கும் வந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் ஆளின் எடையில் பெரும்பகுதி பின் வீலில்தான் விழும். கேரியரில் மூட்டை ஏற்றினால் அதுவும் பின்னால்தான். மிதிக்கும் முறுக்குவிசையும் பின் ஹப் வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது. ஆகவே பின்னால் கூடுதல் கம்பி வைப்பதே நியாயமான கணக்கு. பிற்காலத்தில் இரண்டு வீலுக்கும் ஒரே துளை எண்ணிக்கை என்றால் ரிம் செய்பவருக்கும் விற்பவருக்கும் வசதி. எனக்குக் கேட்டால் 32-40 தான் சரியான யோசனை, வசதிக்காக அதை விட்டுக்கொடுத்தோம்.

கம்பிகள் ஹப்பிலிருந்து நேராகப் போகாமல் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போவதும் அந்த முறுக்குவிசைக்காகத்தான். நேராகப் போகும் கம்பியால் ஹப்பின் திருகலை ரிம்முக்கு ஒழுங்காகக் கடத்த முடியாது. ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-லேயே இந்தச் சாய்ந்த கம்பி முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1885-ல் ரோவர் சைக்கிளை உருவாக்கிய ஜான் கெம்ப் ஸ்டார்லி அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை.

ஈசிஆர் காலை (சென்னை)

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ராடு பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஏதோ நிற்கும். மழையில் குரோம் பூசிய ஸ்டீல் ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம் மழையில் எவ்வளவோ மேல், டிஸ்க் பிரேக் அதைவிட மேல். வடகிழக்குப் பருவமழையில் பேருந்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. வண்டி எடையும் 20 கிலோவுக்குப் பக்கத்தில். எந்தத் தொழில்நுட்பமும் காரணத்தோடுதான் மாறுகிறது.

கோட்டம் எடுப்பவன் (மதுரை)

மழை பிரேக் பற்றி நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்துகூட மறுக்க முடியாது. ராடு பிரேக் வண்டி ஓட்டுபவர்கள் மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டு, ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அப்படியும் தூரம் கூடத்தான் ஆகும்.

ஆனால் அந்த பிரேக் எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று பாருங்கள். அதன் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை, உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. மேடு பள்ளத்தில் ரிம் பக்கவாட்டில் கோணிக்கொண்டாலும் பிரேக் உரசாது, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கேபிள் பிரேக் வண்டியில் அதே கோட்டம் வந்தால் வீட்டுக்கு வரும்வரை சரக் சரக் என்று உரசும், இல்லாவிட்டால் பிரேக்கைத் தளர்த்திவிட்டு பிரேக்கே இல்லாமல் வர வேண்டும். ராடில் துருப்பிடித்து அறுந்துபோகக் கேபிள் கிடையாது. ஊரில் எந்தக் கடையிலும் ஒரு ஸ்பேனரை வைத்துச் சரிசெய்யலாம்.

பஞ்சரும் அப்படித்தான். எங்கள் தெரு முனையில் ஒருவர் பஞ்சர் ஒட்டுவதை நான் எப்போதும் நின்று பார்ப்பேன். வண்டியை ஸ்டாண்டில் போடுவார். பின் வீலைக் கழற்றவே மாட்டார். வால்வு நட்டைத் திருகி வால்வை அப்படியே வெளியே எடுத்ததும் மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். லீவர் போட்டு டயரின் ஒரு ஓரத்தைத் தூக்கி, டியூபை மட்டும் வெளியே உருவுவார். காற்றடித்துத் தண்ணிச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே போவார். குமிழி வந்த இடத்தைத் துடைத்துத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, பேட்ச் வைத்துத் தட்டுவார். செயின் கார்டு, ஸ்டாண்டு, கேரியர், ராடு எல்லாம் பின் அச்சைச் சுற்றி இருப்பதால் வீலைக் கழற்றுவது பெரிய வேலை. அதனால் கழற்றாமல் ஒட்டும் முறை வந்தது. முழுதாக வெளியே வரும் அந்த வால்வு அதற்கு ஒத்துழைக்கிறது. உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய்தான், வால் டியூப். வெயிலில் காய்ந்து வெடித்தால் நீளமாக வாங்கி வைத்திருப்பதிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டுவிடலாம். அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று உள்ளே போக வேண்டும் என்பதால் பம்ப் அடிப்பது கனமாக இருக்கும், கேஜ் வைத்து அழுத்தம் பார்க்கவும் முடியாது. விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் அளவு.

புதுகை டீச்சர்

வடிவமைப்பு என்று பேசும்போது ஃபிரேமை விட்டுவிட்டீர்களே. நான் புதுக்கோட்டைக்காரி. 1991-ல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் தினத்தன்று அவர்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்ததை இன்றும் பேசுகிறார்கள்.

அப்போது லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் கற்றுக்கொண்டார்கள். பிறகு சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள். காரணம் அந்த மேல் பார். முன்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம், பின்னால் கேரியரில் குடம். கவுன், சேலை மாதிரி நீண்ட உடை உடுத்தியவர்களுக்கு மேல் பார் இடைஞ்சல் என்று எண்ணித்தான் லேடீஸ் ஃபிரேமை உருவாக்கினார்கள். ஓட்டியவர்களோ அந்தப் பாரையே இருக்கையாக்கிக்கொண்டார்கள். ஒரு வண்டி யாருக்கு வசதி என்பதை உட்கார்ந்து வரைபவர்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மரையும் அச்சும் (கோவை)

டீச்சர், இதற்காகவே இந்த இழையைப் பத்திரப்படுத்தி வைக்கலாம். தொழில்நுட்பமாகவும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மேல் பார் இருந்தால் ஃபிரேம் முக்கோணங்களாகப் பூட்டிக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டுக் கீழே இன்னொரு குழாய் வைத்தால், பாரம் ஏற்றும்போது ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஃபிரேம் கொஞ்சம் திருகிக் கொடுக்கும். அதைச் சமாளிக்கக் கனமான குழாய் போட வேண்டியிருக்கிறது. குழந்தையும் குடமும் சேர்ந்த பாரத்துக்கு அந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்ததுதான் உறுதியான ஃபிரேம்.

குரங்கு பெடல் (நாகர்கோவில்)

நான் அந்த மேல் பாருக்குக் கீழே கால் விட்டு ஓட்டியவன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத வயது. இடது கை ஹேண்டிலில், வலது கை பாரையோ சீட்டையோ கட்டிக்கொண்டிருக்கும், வலது கால் ஃபிரேமுக்குள் புகுந்து மறுபக்கப் பெடலில். உடம்பு முழுக்க இடது பக்கம் தொங்கும், வண்டி வலது பக்கம் சாய்ந்துகொண்டு ஓடும். விழாது! இன்றுவரை ஆச்சரியம் போகவில்லை. சைக்கிள் எப்படித்தான் நிற்கிறது? வீல் சுற்றுவதால் பம்பரம் மாதிரி நிற்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள்.

இயந்திரவியல் மாணவி (சென்னை)

குரங்கு பெடலில் வண்டி வலது பக்கம் சாய்வது, உடம்பும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் டயர் தரையைத் தொடும் கோட்டுக்கு மேலே வருவதற்காக. யாரும் சொல்லித்தராமல் சின்னப் பிள்ளைகளின் உடம்பே அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

பம்பர விளக்கம் போதாது. 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் முன் வீலுக்குப் பக்கத்தில் தரையைத் தொடாத இன்னொரு வீலை மாட்டி, அதை எதிர்த் திசையில் சுழலவிட்டார். பம்பர விளைவு ரத்தாகிவிடும். ஆனாலும் அந்த வண்டியை ஓட்ட முடிந்தது. அவர் காரணமாகக் காட்டியது முன் போர்க்கின் (முன் வீலைப் பிடிக்கும் கவை) சாய்வை. போர்க் திரும்பும் அச்சை நேராகக் கீழே நீட்டினால் டயர் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் விழும். அதனால் வீல் அந்த அச்சுக் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு, சாயும் பக்கம் தானாகத் திரும்பும்.

அதுவும் முழுக் கதை இல்லை. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு விசித்திர வண்டி செய்தார்கள். குட்டி வீல்கள், பம்பர விளைவை ரத்து செய்ய எதிர் வீல்கள், போர்க்கின் அச்சும் டயர் தொடும் இடத்துக்கு ஒரு துளி பின்னால். இரண்டு விளக்கங்களையும் எடுத்துவிட்டார்கள். தள்ளிவிட்டால் ஆள் இல்லாமலேயே அது நிமிர்ந்து ஓடியது. முன்பகுதியின் எடையைத் தாழ்வாகவும் முன்னோக்கியும் வைத்திருந்ததால், வண்டி சாயும்போது முன்பகுதி வேகமாக விழப் பார்த்து ஹேண்டிலைச் சாயும் பக்கம் திருப்பிவிடுகிறது. வீல் சாய்வுக்கு அடியில் போய் நின்றுகொள்கிறது. எப்படியாவது சாயும் பக்கம் திரும்பினால் போதும், அதற்கு வழிகள் பல. ஃபிரான்சிஸ் விப்பிள் 1899-லேயே இதற்கான சமன்பாடுகளை எழுதிவிட்டார்.

காலி மைதானம் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். நேராகப் போகும்போது வலது கைப்பிடியை மட்டும் மெல்ல முன்னால் தள்ளுங்கள். வீல் இடது பக்கம் திரும்பும், வண்டி வலது பக்கம் சாயும், சாய்ந்து வலது பக்கமே திரும்பிப் போகும். நாம் ஒவ்வொரு திருப்பத்திலும் இதைத்தான் செய்கிறோம், நமக்கே தெரியாமல்.

ஈசிஆர் காலை (சென்னை)

மைதானத்தில் செய்து பார்த்துவிட்டேன். அப்படியேதான் நடக்கிறது. இத்தனை வருடம் ஓட்டுகிறேன், இதை ஒருவரும் சொன்னதில்லை.

பனங்காய் (யாழ்ப்பாணம்)

டைனமோவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. 1990-க்குப் பிறகு போர்க்காலத்தில் எங்களிடம் மின்சாரம் இருக்கவில்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ ஓட, ரேடியோவில் செய்தி கேட்போம். டைனமோவில் வருவது மாறுமின்னோட்டம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டுத்தான் ரேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். சின்னப் பெடியன்களுக்குக்கூட அந்தச் சுற்று பாடமாக இருந்தது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் மங்கும், உடனே அடுத்தவர் கைமாற்றுவார்.

மரையும் அச்சும் (கோவை)

இதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். 6 வோல்ட், 3 வாட், அதாவது அரை ஆம்பியர். அதற்குள் ஒரு ஊரே செய்தி கேட்டிருக்கிறது.

அந்த அரை ஆம்பியர் சைக்கிள் டைனமோவின் இயல்பிலேயே இருக்கிறது. வேகம் கூடினால் உள்ளே இருக்கும் சுருளின் தடையும் சேர்ந்து கூடுவதால் மின்னோட்டம் அரை ஆம்பியருக்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. இறக்கத்தில் வேகமாகப் போனாலும் பல்பு உடனே போகாமல் இருப்பது அதனால்தான். ஆனால் பின் விளக்கு பல்பு போய்விட்டால் அதன் பங்கும் முன் பல்புக்கே வந்து, அதுவும் சீக்கிரம் போய்விடும். இரண்டும் அடுத்தடுத்துப் போவது ஏன் என்று பலர் கேட்பார்கள், இதுதான் காரணம்.

கோட்டம் எடுப்பவன் (மதுரை)

கியர் கணக்கும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. கிராங்க் ஒரு சுற்றுக்கு வீல் 2.44 சுற்று. 28 இஞ்ச் வீலின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக ஒரு மிதிச் சுற்றுக்கு ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் சொச்சம். சமவெளிக்கு அளவெடுத்துச் செய்த கியர். மேம்பாலம் வந்தால் எழுந்து நின்று மிதிக்க வேண்டியதுதான். 1950-களில் நம் ஊர்களில் மேம்பாலம் எத்தனை இருந்தது?

பழைய ஹெர்குலிஸ் (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. பென்சிலை வைத்து வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டிவிட்டேன். மரை மழுங்கிய இடது கிராங்கை மாற்றிப் புதியது போட்டாயிற்று. எல் எழுத்துள்ள பெடலும் கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் இல்லை. ஒன்று நேர் கீழே இருக்கும்போது மற்றது நேர் மேலே வராமல் சற்று விலகி நிற்கிறது. மிதிக்கும்போது கால் தடுக்குகிற மாதிரி இருக்கிறது. கிராங்க் வளைந்ததா?

கோட்டம் எடுப்பவன் (மதுரை)

கிராங்க் வளையவில்லை தம்பி, கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பின்னுக்கு ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், அதுதான் அச்சின் வெட்டில் போய் உட்காரும். இரண்டு பின்னையும் ஒரே பக்கத்திலிருந்து அடித்திருந்தால் இரண்டு கிராங்கும் எதிரெதிராக விலகும். ஒரு கிராங்க் முன்னால் இருக்கும்போது அதன் நட்டு மேலே தெரிந்தால், மறு கிராங்க் பின்னால் இருக்கும் அதே நேரத்தில் அதன் நட்டு கீழே தெரிய வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய ஹெர்குலிஸ் (திருச்சி)

அதேதான் அண்ணா. இரண்டு நட்டும் மேலே இருந்தன. இடது பின்னைத் தட்டி எடுத்துத் திருப்பிப் போட்டதும் கிராங்க் நேராகிவிட்டது. காலையில் ஸ்ரீரங்கம் போய் வந்தேன், பெடல் அசையவில்லை.

மரையும் அச்சும் (கோவை)

மகிழ்ச்சி. அடுத்த முறை கழற்றும்போது இடதா வலதா என்று யோசிக்கவே வேண்டாம். ஸ்பேனரைப் பெடல் அச்சில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் பின் வீல் பக்கம் தள்ளினால் கழலும், முன் வீல் பக்கம் தள்ளினால் இறுகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஏற்றுங்கள், ஸ்டீலும் ஸ்டீலும் துருவில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.